வெள்ளை கிளவுஸுக்கு ஒரு பேனா

லிங்கராஜபுரத்துப் பேனாக் கடையில் எனக்கு முன்னால் இரண்டே பேர், ஒரு தாயும் மகளும். ஆனாலும் வரிசை நகரவில்லை. மகள் இடது கையில் வெள்ளைக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, அந்தக் கையாலேயே ஒவ்வொரு பால்பாயின்ட் பேனாவாக எடுத்துத் தன் பெயரை எழுதிப் பார்த்தாள். நான்கு பேனாக்கள் கைக்குட்டையில் மையை அப்பிவிட்டன.

“கைக்குட்டை எதுக்கும்மா?” என்றார் கடைக்காரர்.

“சனிக்கிழமை சர்ச்சுல எனக்குக் கல்யாணம், அங்கிள். ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடணும். கிளவுஸ் வெள்ளை. நான் எழுத எழுத என் கை ஈர மை மேலயே போகும்.”

“அந்த ஒரு நாளைக்கு வலது கையால போட்டுத் தொலையேன்டி,” என்றாள் தாய். “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அத்தனை பேர் முன்னால இடது கையா?”

“வலது கையால போட்டா அது என் கையெழுத்தே இல்லம்மா. பொய்க் கையெழுத்துப் போட்டா கல்யாணம் பண்ணிக்கிறது?”

ஐந்தாவது பேனாவில் மகள் முழுப் பெயரையும் எழுதினாள். கைக்குட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் தாய்தான். புதுக் கறை எதுவும் இல்லை.

“இதுல ரெண்டு குடுங்க,” என்றாள் தாய் கடைக்காரரிடம். “ஒண்ணு என் பையில இருக்கட்டும். ஃபாதர் அவர் பேனாவை நீட்டினா, நானே எழுந்து போய் இதைக் குடுக்கிறேன்.”