அப்பன் இல்லாத முட்டைகள்

டீ நன்றாக இருக்கிறது சார். சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். என் வீட்டுக்காரி குப்பம்மாளும் இப்படித்தான் போடுவாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு மருந்துக் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தில் பதினான்கு வருஷமாக உதவியாளன் நான். கடல் முள்ளெலி பார்த்திருக்கிறீர்களா? உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும். வலையில் மாட்டினால் பழவேற்காட்டு ஆட்கள் திட்டிக்கொண்டே பிடுங்கிப் போடுவார்கள். அதன் முட்டைமேல் ஒரு மருந்தை ஊற்றி, புருஷன் வந்துவிட்டான் என்று ஏமாற்றுவதுதான் எங்கள் பிழைப்பு. முட்டையும் நம்பிவிடும், பாவம். உள்ளே இருக்கிற சவ்வெல்லாம் இடம் மாறி அடுக்கிக்கொள்ளும். வெளிச்சவ்வு உப்பி, வேறு எவனும் நுழையாதபடி கதவைச் சாத்திவிடும். வந்தவன் எவனுமில்லை, தாழ்ப்பாள் மட்டும் பலம். இரண்டாக, நாலாகப் பிளந்து பார்த்துவிட்டுச் செத்துப்போகும்.

ஒப்பிட்டுப் பார்க்க, ஆண் சேர்த்த முட்டையும் ஒரு தட்டில் இருக்கும். ஆணைத் தொட்ட சொட்டுக்குழாயை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் பட்டால்தான் விந்து சாகும். ஒருநாள் தண்ணீர் லாரி வரவில்லை. பக்கத்திலிருந்த கடல் தண்ணீரிலேயே அலசி, மருந்து ஊற்றுவதற்கு முன்பே அதே குழாயால் மற்றத் தட்டு முட்டையையும் எடுத்து வைத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால், அப்பன் இல்லாத முட்டையெல்லாம் குஞ்சாகி நீந்துகிறது. எங்கள் தலைமை விஞ்ஞானி ராஜமாணிக்கம் சார் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதுவரை "இன்னாபா" என்று கூப்பிட்டவர், "சின்னராசு கை ராசியான கை" என்று ஊரெல்லாம் சொன்னார்.

அதற்கப்புறம் லாரி ஒழுங்காக வந்தது. நான்தான் கடல் தண்ணீரில் அலசுவதை விடவில்லை. கட்டுரையில் என் பெயரையும் அச்சடித்தார்கள். குப்பம்மாள் அதை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

அப்புறம்தான் ஸ்நேகா வேலைக்குச் சேர்ந்தாள். திருநின்றவூரிலிருந்து ரயில் மாறி வரும் பெண். தங்கமான குணம். முட்டையை மெலிசாகச் சீவி, உள்சவ்வுகளைப் பெரிய மைக்ரோஸ்கோப்பில் படம் எடுப்பது அவள் வேலை. ஆயுத பூஜைக்கு முதல்நாள் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினாள்.

"இன்னாண்ணே இது? அப்பன் இல்லாத முட்டைன்றீங்க, உள்ள ஒருத்தன் வாலோட பூந்துகினு இருக்கான்."

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"யாருகிட்டயாச்சும் காட்டினியாம்மா?"

"இல்லண்ணே. நாளைக்கு என் கையாலயே ஒரு தட்டு செஞ்சு பாத்துட்டு, சாருகிட்ட சொல்றேன்."

பொறுப்பான பெண் என்று அப்போதே நினைத்தேன்.

மறுநாள் பூஜை முடிந்ததும் எல்லோரும் பொரிப் பொட்டலத்தோடு கிளம்பிவிட்டார்கள். சந்தனம், குங்குமம் வைத்த மிஷினை மறுநாள்வரை ஓட்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். முட்டைக்கு நாள் கிழமை தெரியுமா? படம் எடுக்க அதைக் கெட்டிப்படுத்தும் வேறொரு மருந்தில், சரியான நிமிஷத்தில் போட்டாக வேண்டும். அந்த மருந்தின் ஆவி கண்ணைப் பொசுக்கிவிடும். புகை இழுக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள், விசிறியை ஓடவிட்டுத்தான் புட்டியைத் திறக்க வேண்டும். அவள் புதுசு. நான் பதினான்கு வருஷம்.

கூண்டின் சுவிட்சில் நான் கட்டிய மாலை தொங்கியது.

"ஆன் பண்ணலாமாண்ணே?"

"பூஜ போட்டத இன்னாத்துக்கும்மா தொடுற? சாமி குத்தமாயிடும். ஜன்னலத் தொறந்துக்கோ, ரெண்டு நிமிஷ வேலதானே."

பாதுகாப்புக் கண்ணாடி இருந்த அலமாரியின் சாவி சாமி படத்தின் கீழே இருந்தது. பூஜைக்கு வைத்ததை எடுக்கக் கூடாது பாருங்கள், அதனால் சாவி எங்கே என்று நான் சொல்லவில்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. என் குரலைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்கண்ணே" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது சார். அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னாள். சரி என்றேன். அதை அடுப்பில் போட்டு ஒரு வாரம் ஆகிறது.

தெரிந்தேதான் செய்தாயா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான் பக்தியுள்ளவன் சார். சாமி குத்தத்துக்குப் பயந்துதான் சொன்னேன். அவள் அலறியபோது பக்கத்து அறையில் பிரசாதச் சுண்டலைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன். அந்த மைக்ரோவேவுக்கும் நான்தான் பொட்டு வைத்தது. இன்னும் அரை நிமிஷம் பாக்கி காட்டியது. முடியட்டும் என்று நின்றேன்.