ரெண்டாவது மேட்

...அந்தப் பாழாப்போன வீடியோவை மொதல்ல தூக்கிக் குப்பையில போடணும்மா! கதவைத் தெறந்ததும் இப்பிடிப் பொலம்புறாளேன்னு பாக்காதே. நான் லவோன், எதிர்வீடு. புதுசா குடிவந்திருக்கியேன்னு பிரவுனி சுட்டு எடுத்துட்டு வந்தேன். இரு, பூட்ஸைக் கழட்டிடறேன், ஒரே பனி. இப்பிடி உக்காரட்டுமா?

அதோ... உன் ஜன்னல்லயே தெரியுது பாரு. கையை வீசி வீசிக் குதிக்கிறாரே, அதான் எங்க வீட்டுக்காரர், டுவைட். வீடு தீப்பிடிச்சுக்கிச்சோன்னு போன் கீன் பண்ணிடாதே. எக்சர்சைஸ்!

அந்த வீடியோவைப் போட்டா டிவில ஒருத்தன் வர்றான்மா. மேல சட்டையே கெடையாது. மினசோட்டாவுல, பிப்ரவரில! "இன்னும் ஒண்ணே ஒண்ணு"ங்கிறான். அது முடிஞ்சா மறுபடி "இன்னும் ஒண்ணே ஒண்ணு". வாயைத் தெறந்தா பொய்! இவரு அதை நம்பி, வாசல் பனி உருகத் தூவுற உப்பு மூட்டை இருக்குல்ல, அதைத் தோள்ல வச்சுக்கிட்டு உக்காந்து உக்காந்து எந்திரிக்கிறாரு. வாசப்படியில பனி கல்லாக் கெடக்கு, தபால்காரர் வழுக்கி விழுந்தாரு. மூட்டை மட்டும் தோளை விட்டு எறங்கலை!

நீ எடுத்துக்கலையா? அப்ப நான் ஒண்ணு எடுத்துக்கறேன். எங்க வீட்டுல சக்கரைக்குத் தடை. இதுவே உனக்குன்னு சொல்லித்தான் சுட முடிஞ்சுது.

முன்னெல்லாம் சாப்பிட்டு முடிச்சா சோபால உக்காந்து ஹாக்கி பாப்போம். ஐஸ்கிரீம் டப்பா ஒண்ணு, ஸ்பூன் ரெண்டு. காலைத் தூக்கி என் மடியில போட்டுக்குவாரு... கிழிஞ்ச சாக்ஸோட! திட்டிக்கிட்டே இருப்பேன். இப்ப அந்த சாக்ஸுக்குக்கூட ஏங்குறேன்மா, சொன்னா சிரிப்பே. சோபாவை செவத்தோரமாத் தள்ளிட்டாரு. அதுல நான் தனியா, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவ மாதிரி.

அந்த வீடியோவை யாரு வாங்கினதா? ம்... நான்தான். சர்ச்சுல பாட்டுக்கு எந்திரிச்சாரு, சட்டைப் பொத்தான் தெறிச்சுப் போயி முன் பெஞ்சுல இருந்த பாஸ்டர் பொண்டாட்டி கழுத்துல விழுந்துச்சு. மானமே போச்சு! வீட்டுக்கு வந்த கையோட ஆர்டர் பண்ணேன். புருஷன் பொண்டாட்டி சேந்து செய்யிற வீடியோ. "நீயும் செய்றதுன்னா செய்றேன்"னாரு. சரின்னேன். எக்சர்சைஸுக்குத் தரையில விரிக்க ஆளுக்கொரு மேட் வாங்கினோம்.

மொத நாளு, கையில சூப் டின்னைக் குடுத்துத் தூக்கச் சொன்னாரு. குடிக்கத்தானம்மா வாங்கினேன்! சரின்னு தூக்கினேன். தரையில படுத்து எந்திரின்னான் அந்தச் சட்டையில்லாதவன். படுத்தேன். எந்திரிக்க மனசே வரலை. "முட்டி போச்சு டுவைட்"னுட்டேன். பாவம், ஐஸ் வச்சுவிட்டு, பக்கத்துலயே உக்காந்திருந்தாரு.

என்ன அப்பிடிப் பாக்குற? ஆமா, உன் படியில ஓடித்தான் ஏறினேன். முட்டி கல்லு மாதிரி இருக்கு. அவருகிட்ட மூச்சு விட்டுடாதே!

ஆனா என் மேட்டை இன்னைக்கும் தன் மேட்டுக்குப் பக்கத்துல விரிச்சு வைக்கிறாரும்மா. "முட்டி சரியானதும் வந்துடுவா"ன்னு டிவில இருக்கிற அவன்கிட்ட சொல்றாரு. அதைக் கேட்டதும் நான் நொண்டிக்கிட்டே சமையக்கட்டுக்குள்ள போயிடறேன்.

அய்யய்யோ, ஜன்னல்ல நின்னு கை காட்டுறாரு. தட்டு வேற காலி... எல்லாத்தையும் நானா தின்னேன்? நீயாவது தடுத்திருக்கக் கூடாதா? சரி சரி, கெளம்பறேன். உன் வாசல்லேருந்தே நொண்டிக்கிட்டுப் போகணும், கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு.

ஏம்மா... எந்த முட்டின்னு சொல்லித் தொலைச்சேன் அவருகிட்ட?