இரண்டு முறை எண்ணப்பட்ட இருவர்

பர்மாவில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணிக்கு வந்த, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில், என் முன்சீட்டில் இருந்த நடுவயதுக்காரர் அதட்டலாகச் சொன்னார்: "பத்துல ஏழு போச்சு. மூணு பங்கு நம்பிக்கைய வெச்சிகினு எத்தினி நாளு காத்துகினு இருப்ப?"

பக்கத்தில் ஓர் இளம்பெண். அவர், பர்மா பட்டாளத்தில் இருந்த அவள் புருஷனின் அண்ணன் என்பதும், அவளைக் கனகம்மாசத்திரத்தில் தாய்வீட்டோடு விட்டுவிடப் போகிறார் என்பதும் பேச்சில் தெரிந்தது.

"ஏழுன்னு யார் சொன்னாங்க பாவா?"

"லீவுல வந்த சிப்பாய்தான். பேருங்க அவனுக்குத் தெரியல. தம்பியோட சேத்து நம்ம பக்கத்து ஆளுங்க பத்து பேர்ல நாலு பேருக்குக் குண்டடி. மூணு பேர ஜப்பான்காரன் புடிச்சிகினு போயிட்டான். நாலும் மூணும் ஏழு."

"புடிபட்டவங்கள்ல ரெண்டு பேரு குண்டடி பட்டவங்கன்னும் சொன்னாரே."

"அதுக்கு?"

"அவங்கள நாலுலயும் எண்ணிட்டீங்க, மூணுலயும் எண்ணிட்டீங்க. ஏழுல ரெண்ட கழிங்க பாவா. அஞ்சுதான். மீதி அஞ்சு பேருக்கு ஒண்ணும் ஆவல."

"அந்த அஞ்சுல அவன் இருக்கான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. இல்லன்னு உங்களுக்கும் தெரியாது. பாதிக்குப் பாதி இருக்குது. அதுக்குள்ள என்னை எதுக்கு அனுப்புறீங்க?"

அவர் விரல்களை மடக்கி எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

திருத்தணியில் கனகம்மாசத்திரம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. அவர் அதைத் தாண்டிப் போய், எங்கள் கண்டக்டரிடம் கேட்டார்: "பேட்டைக்குத் திரும்பி எப்போ போறீங்க?"