பத்திரத்தில் என் பெயர், பருத்தியில் இவள் கை

தலைமையேற்று, "சுருக்கமாப் பேசு" என்று தலையாலேயே எனக்குச் சாடை காட்டும் சங்கத் தலைவர் அவர்களே! மானியப் படிவங்களோடு வந்திருக்கும் அதிகாரி அவர்களே! பருத்தி எடுத்த கையைக் கழுவிக்கொண்டு நேரே வந்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் இப்போதே கண்ணயர்ந்துவிட்ட பெரியோர்களே! எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

முதலில் ஓர் உண்மையை உடைத்துவிடுகிறேன். அரசாங்கக் கணக்கில் நான் நான்கு ஆண்டாகப் பருத்தி விவசாயி. ஆனால் ஒரு பருத்திச் செடியைக்கூட நான் தொட்டதில்லை. தொட்டதெல்லாம் டயர். என் தொழில் பஞ்சர் கடை.

மாமனார் விட்டுப்போன நாலு ஏக்கர் என் பெயரில் இருக்கிறது. பத்திரத்தில் எவர் பெயரோ அவருக்கே மானியம். உழுதது யார்? விதைத்தது யார்? காய்ப்புழுவோடு கட்டிப்புரண்டது யார்? அதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் குத்தகைக்காரத் தங்கச்சி! மானியம் வாங்கி மெத்தை வாங்கியது யார்? மேடையில் நிற்கும் இந்த மகாராசன்!

யாரு அங்க சிரிக்கிறது? மச்சானா? உனக்கும் மூணு ஏக்கர் இருக்கு மச்சான், பாத்துச் சிரி.

போன வருடம் வயலைச் சரிபார்க்க வேறோர் அதிகாரி வந்தார். "உங்க வயல் எதுங்க?" என்றார். நீட்டினேன் கையை, கம்பீரமாக நீட்டினேன். "இதோ, நம்ம பருத்தி! பூ எப்படிப் பூத்திருக்கு பாத்தீங்களா சார்!"

பின்னால் நின்ற தங்கச்சி மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, அது பக்கத்துக்காரர் வெண்டைக்கா."

சிரியுங்கள் தாய்மார்களே, தாராளமாகச் சிரியுங்கள். பூ ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கிறது? காட்டியது வெண்டை, வந்தது பருத்திப் பணம். பத்திரம் சரியாக இருந்ததாம்!

இந்த ஆண்டு மழை ஏய்த்துவிட்டது. பாதிக் காய் வெடிக்காமலே கருகிப்போனது. அடுத்த விதைப்புக்கு விதை வாங்க அவளுக்கு வழியில்லை. 'பயிர் செய்பவர் இவரே' என்று நிலக்காரர் கையெழுத்துப் போட்டால் மானியம் அவளுக்குப் போகும். அதற்கு இன்றுதான் கடைசி நாள். நேற்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"அண்ணே, இந்த வருஷமாச்சும் கையெழுத்துப் போடுவீங்களா?"

"பாக்கலாம்மா."

"நாலு வருஷமா பாக்குறீங்க. ஒரே ஒரு தடவ வயலுக்கு வந்து பாத்தீங்க, அதுவும் அடுத்தவங்க வயலு. காத்தடிச்சு விடுங்க, போறேன்."

அடித்தேன். காற்றுக்குக் காசு வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அவள் பார்த்தாளே ஒரு பார்வை! எந்த டயரும் அதைத் தாங்காது.

நிலம் வைத்திருப்போரே! விரல் கிழியப் பறித்தவள் விதைக்கு வழியின்றி நிற்க, வெயிலே படாத நாம் மானியம் வாங்கலாமா? வாங்கி வீட்டுக்குள் வைக்கலாமா? வைத்து அதன்மேல் வசதியாய்ப் படுக்கலாமா? கூடாது! முதல் கையெழுத்தை நானே போடுகிறேன், இந்த மேடையிலேயே, உங்கள் கண்முன்னே! படிவத்தைக் குடுங்க சார். மச்சான், அடுத்தது நீ, நழுவிடாத.

போட்டாயிற்று! தட்டுங்கள் கையை!

என்ன சார்? எங்க? ஓ.

நான் போட்டது அதிகாரி கையெழுத்திட வேண்டிய இடமாம். தங்கச்சி மேடையேறி வந்து, இன்னொரு படிவத்தில் விரலை வைத்துக் காட்டிய கோட்டில் மறுபடி போட்டேன். சரியாக இருக்கிறதாம். அவள் பெயரில் பதிந்துவிடுவார்களாம். முதல் படிவத்தைக் கிழிக்கக் கூடாதாம், வரிசை எண் இருப்பதால் கோப்பில் வைத்தாக வேண்டுமாம். அந்தப் படிவத்தின்படி, விண்ணப்பித்தவர் யாரும் இல்லை, விண்ணப்பத்தை ஏற்ற அதிகாரி நான்.

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி. வணக்கம்.