அடியெடுத்துக் கொடுத்தவன்

என் குரல் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும், சார். கேட்காவிட்டால் சொல்லுங்கள், திரும்பச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடமாக அதுதான் என் வேலை. மேடை ஓரத்தில், திரைக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, நடிகர்கள் மறந்துபோன வசனத்தை முதல் வரிசைக்குக் கேட்காமல் எடுத்துக் கொடுப்பேன். சாமி அடியெடுத்துக் கொடுத்துப் புலவர் பாடினால் சாமிக்கும் பாதிப் பெருமை உண்டு. எனக்கு இடைவேளையில் ஒரு டீ உண்டு.

நானும் எழுதுகிறவன். பெட்டியில் ஏழு நாடகங்கள் இருக்கின்றன. முதல் நாடகத்தை எங்கள் கதாநாயகரிடம் படிக்கக் கொடுத்தேன். குழுவில் எல்லோருக்கும் அவர் அண்ணன். மூன்று மாதம் கழித்து அதை அரசவைக் காட்சியில் பார்த்தேன். சிம்மாசனத்தின் நொண்டிக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"கோவிச்சுக்காதப்பா. உன் நாடகத்து மேல ராஜாவே உக்காந்திருக்கேன், இதுக்கு மேல என்ன மரியாதை வேணும்?" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முக்காலியில் உட்கார்ந்தால் அந்தக் கால் நேரே கண்ணில் படும். பதினோரு வருடம் பட்டது.

போன வருடம் அண்ணனுக்கு ஞாபகம் தடுமாறியது. அவர் காதில் சின்னதாக ஒரு கருவி மாட்டி, என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். நான் சொல்லச் சொல்ல அவர் பேசுவார். ஒரு நாள் நாடகத்தில் இல்லாத ஒரு வரியைச் சொன்னேன். என் வரி. அவர் அப்படியே பேசினார், சபை அதிர்ந்தது. அடுத்த வாரம் நான்கு வரி. பிறகு ஒரு காட்சி. "வயசாக ஆக அண்ணனுக்குச் சரக்கு ஊறுது" என்று டைரக்டர் பூரித்துப்போனார். அண்ணன் மறுக்கவில்லை.

அப்புறம் அண்ணி அவரை டாக்டரிடம் அழைத்துப்போனார். கழுத்திலே ஒரு சுரப்பி மந்தமாகிவிட்டதாம், மறதிக்கு அதுதான் காரணமாம். தினம் ஒரு மாத்திரை, ஆயுள் முழுக்க. இரண்டே மாதத்தில் பழைய அண்ணன் திரும்பிவிட்டார். காதுக் கருவியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

"இனிமே உன் தொணதொணப்பு வேணாம்பா. எனக்கே எல்லாம் வருது."

தொணதொணப்பு. ஒரு காட்சியையே எழுதிக் கொடுத்தவனுக்கு அவர் சொன்ன நன்றி அது.

ஐந்து மாதச் சுற்றுப்பயணம் கிளம்பும்போது அண்ணி மாத்திரைப் பெட்டியை என்னிடம் தந்தார். "இவரு விட்டுடுவாரு தம்பி. கூடவே இருக்கிறது நீங்கதான், பார்த்துக் குடுங்க."

கொடுத்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. அதே அளவில், அதே வெள்ளையில், சத்து மாத்திரை.

இரண்டாம் மாதம் காதுக் கருவியை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்றாம் மாதம், கொளுத்தும் வெயிலில் குளிருகிறது என்று போர்த்திக்கொண்டார். முகம் ஊதியது, குரல் கரகரத்தது. அந்தக் கரகரப்பு என் வசனத்துக்குப் பொருத்தமாகவே இருந்தது. அண்ணி போனில் கேட்டபோது, "நான் கையில குடுத்து, முழுங்குற வரைக்கும் நின்னு பார்க்கிறேன் அண்ணி" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

கடைசி ஊரில், ராஜா தனியாகப் பேசும் இருபது நிமிடமும் என்னுடையதுதான். சிம்மாசனத்தின் அடியில் கிடந்த அதே நாடகம். இன்னும் ஒரு வரிதான் பாக்கி. அண்ணன் தலை மெல்லச் சாய்ந்தது. அந்த வரியைக் காதில் இரண்டு முறை சொன்னேன். வாய் அசையவில்லை. நடிப்பென்று நினைத்துச் சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அவ்வளவு தூரம் வந்த நாடகத்தைப் பாதியில் விட மனம் வரவில்லை. மேடை மைக்கை எடுத்து வரியை நானே உரக்கச் சொன்னேன். கைதட்டல் ஓயட்டும் என்று காத்திருந்து, அதற்குப் பிறகுதான் திரையை இறக்கச் சொன்னேன்.

பிரிக்காத மாத்திரைகள் என் பெட்டியில், நாடகங்களுக்கு அடியில் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள். காகிதங்களை மட்டும் கசக்க வேண்டாம்.

கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆட்சேபமில்லை, செய்தது நான்தான். ஆனால் தொழில் என்ற இடத்தில் 'வசனம் எடுத்துக் கொடுப்பவர்' என்றிருக்கிறது. அது பிழை சார். அடித்துவிட்டு நாடகாசிரியர் என்று போடுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.