கார்த்தஹேனாவுக்கு ஆறு நாள்

வேரோனிக்கா: …ஆறு நாளுக்குத்தானேப்பா, ரெண்டு பெட்டி காணும், மூண்டாவது வேண்டாம். உங்கட கறுத்த ஜக்கெற்றை எயாப்போட்டிலயே கழட்டி வைச்சிட்டு வாங்கோ.

இக்னேசியஸ்: எயாப்போட்டில வேலை செய்யிறவனுக்கு நீர் எயாப்போட்டைப் பற்றிச் சொல்லித் தாறீர்.

வேரோனிக்கா: அரைக் காற்சட்டை ரெண்டு வாங்கினனான். போட்டுப் பாருங்கோ.

இக்னேசியஸ்: இந்தக் காலை வைச்சுக்கொண்டோ? கடல்ல நிக்கிற சனம் கரையேறி ஓடும்.

வேரோனிக்கா: ஓடட்டும். இருபத்துமூண்டு வருசம் கலியாணம் கட்டி, ஒரு சூடான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனீங்களோ? நயாகராவுக்கு மூண்டு தரம். அதுவும் ஊரில இருந்து ஆரும் வந்தால்தான்.

இக்னேசியஸ்: நயாகராவில என்ன குறை? அங்கையும் தண்ணிதானே.

வேரோனிக்கா: கதையைப் பார்…

இக்னேசியஸ்: சரி சரி. கான்கூன் எண்டால் எனக்கு ஓக்கே. சாப்பாடு, குடி எல்லாம் ஹோட்டலுக்குள்ள. எழும்பி நாலு எட்டு வைச்சால் கடல்.

வேரோனிக்கா: கான்கூன் இல்லை. அதை மாத்தியாச்சு.

இக்னேசியஸ்: மாத்தியாச்சோ? ஆர் மாத்தினது?

வேரோனிக்கா: உங்கட மகள்தான். மெலிசா. காட்டஜீனாவாம். கொலம்பியாவில. பழைய கோட்டை, மதில், நல்ல வெயில். பக்கத்தில சின்னச் சின்னத் தீவுகள், போட்டில கூட்டிக்கொண்டு போவினமாம். என்னப்பா, தேத்தண்ணி ஊத்துப்படுது. கப்பைக் கீழ வையுங்கோ.

இக்னேசியஸ்: கார்த்தஹேனா வேண்டாம்.

வேரோனிக்கா: என்ன சொன்னீங்கள்?

இக்னேசியஸ்: வேண்டாமெண்டு சொன்னனான்.

வேரோனிக்கா: இல்லை, ஊர்ப்பேரை எப்பிடிச் சொன்னீங்கள்? நான் காட்டஜீனா எண்டுதானே சொன்னன். இங்கிலீசில எழுதியிருக்கிறது அப்பிடித்தானே.

இக்னேசியஸ்: ரீவியில கேட்டிருப்பன்.

வேரோனிக்கா: சரி, ரீவி. ஏன் வேண்டாம்?

இக்னேசியஸ்: கள்ளர் கனக்க. போதைப்பொருள். உந்தத் தீவுக்குப் போற போட்டும் சரிவராது. மத்தியானத்துக்குப் பிறகு கடல் எழும்பும். திரும்பி வரேக்க ஒவ்வொரு அலைக்கும் இடுப்பு முறியும்.

வேரோனிக்கா: உதுவும் ரீவியோ?

இக்னேசியஸ்: …யூரியூப்.

வேரோனிக்கா: எனக்கும் ஒரு ஆள் அந்தப் பேரைக் கார்த்தஹேனா எண்டுதான் சொன்னவர். ஒரேயொரு தரம். ஃபோனில. என்ர அண்ணா. கனடாவுக்கெண்டு வெளிக்கிட்ட சீமோன் அண்ணா. மன்னாரில கொமினிக்கேசன் கடைக்கு எடுத்தவர், நான் ஓடிப்போய்க் கதைச்சனான். "தங்கச்சி, கார்த்தஹேனாவில நிக்கிறன், ஏஜென்சிக்காரன் அடுத்த கிழமை பிளேன் ஏத்துவான்" எண்டவர். அதுக்குப் பிறகு இருபத்தாறு வருசமா ஒரு சத்தமும் இல்லை. உங்களுக்குத் தெரியாத கதையே?

இக்னேசியஸ்: தெரியும். அதுக்கு இப்ப அங்க போய்…

வேரோனிக்கா: தேடப் போறன். அண்ணான்ர படம் நாப்பது கொப்பி எடுத்து வைச்சிருக்கிறன். கோயில் கோயிலாக் குடுப்பன். தீவுகளுக்கும் போவன். அங்க ஒருத்தியைக் கட்டிக்கொண்டு பிள்ளை குட்டியோட இருந்தாலும் இருப்பார். நான் கோவிக்க மாட்டன். உயிரோட இருந்தால் காணும்.

இக்னேசியஸ்: வேண்டாமப்பா. சொல்லுறதைக் கேளும். அங்க ஒருத்தரும் இல்லை.

வேரோனிக்கா: உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

இக்னேசியஸ்: இருபத்தாறு வருசம்… எங்களுக்குப் பாசையும் தெரியாது… அந்தத் தீவில இருபது வீடும் இராது, ஆரிட்டைப் போய்க் கேக்கப் போறீர்?

வேரோனிக்கா: எந்தத் தீவில? அங்க தீவு கனக்க இருக்கு. நான் ஒண்டின்ர பேரும் சொல்லேல்லை.

இக்னேசியஸ்: வாய் தவறி வந்திட்டுது.

வேரோனிக்கா: நீங்கள் கனடாவுக்கு லண்டனால வந்தனானெண்டெல்லோ கலியாணம் பேசேக்க சொன்னனீங்கள். ஐயாவுக்கு முன்னால இருந்து சொன்னனீங்கள்.

இக்னேசியஸ்: மெலிசாவிட்டைச் சொல்லி ரிக்கற்றை முதல் கான்சல் பண்ணும். மிச்சத்தைப் பிறகு கதைப்பம்.

வேரோனிக்கா: ரிக்கற் இல்லை.

இக்னேசியஸ்: என்ன?

வேரோனிக்கா: மெலிசாவுக்கு ஒண்டும் தெரியாது. கான்கூனும் இல்லை, கார்த்தஹேனாவும் இல்லை. அந்தப் பேரைச் சொல்லேக்க உங்கட முகம் என்ன மாதிரிப் போகுதெண்டு பாக்கத்தான் இவ்வளவும்.

இக்னேசியஸ்: நீரோ… நீர் ஏன் இப்பிடி…

வேரோனிக்கா: ஏஞ்சலா ஃபோன் எடுத்தவள். என்னோட வேலை செய்து, பிறகு மிசிசாகாவுக்கு வீடு மாறிப் போனாளே, அவள். "அண்ணா செத்துப்போனாரெண்டு தெரிஞ்சும் எனக்கொரு சொல் சொல்லேல்லையே" எண்டு அழுகிறாள். தங்கட கோயிலில பூசைக்கு முன்னம் சாமியார் வாசிச்சவராம். சீமோன் அமிர்தநாதரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக எண்டு.

இக்னேசியஸ்: எப்ப…

வேரோனிக்கா: போன நவம்பர். நான் அந்தக் கோயில் கந்தோருக்குப் போய்க் கேட்டன். ஒவ்வொரு வருசமும் நவம்பர் பதினெட்டாம் திகதியாம். எயாப்போட்டில வேலை செய்யிற இக்னேசியஸ் எண்டவர் அந்தப் பூசைக்குக் காசு குடுக்கிறவராம். நான் இஞ்ச ஸ்காபரோவில, அண்ணா சுகமாத் திரும்பி வரவேணுமெண்டு பூசை குடுக்கிறன். பக்கத்தில முழங்காலில நிண்டு ஆமென் சொல்லிப்போட்டு, நீங்கள் அங்க போய்ச் செத்தவருக்குக் குடுக்கிறீங்கள். மூண்டு மாசமா நீங்களாச் சொல்லுவீங்களெண்டு பாத்துக்கொண்டிருந்தன். என்ன நடந்தது? நீங்கள் ஏதும் செய்தனீங்களோ அவரை?

இக்னேசியஸ்: ஐயோ, இல்லை. காய்ச்சல். ஒன்பது நாள். எங்கள் ஏழு பேரையும் தீவில ஒரு வீட்டுக்குள்ள பூட்டி வைச்சிருந்தவங்கள். டொக்டரிட்டைக் கொண்டுபோனால் எல்லாரும் பிடிபடுவமெண்டு ஏஜென்சிக்காரன் மறிச்சுப்போட்டான். நான்தான் தலைமாட்டில இருந்தனான். கடைசி நாள் விடியவும் ரொறன்ரோவில ரக்சி ஓடுறதைப் பற்றிக் கதைச்சவன்.

வேரோனிக்கா: கடவுளே… அந்தப் பரிதாபத்திலயோ என்னைக் கட்டினீங்கள்?

இக்னேசியஸ்: முதல் ஓம். பிறகு இல்லை.

வேரோனிக்கா: அப்ப சொல்லியிருக்கலாமே. காய்ச்சல் வந்தது உங்கட பிழையே? அம்மா கண்மூடுமட்டும் வாசலைப் பாத்துக்கொண்டிருந்தவ. உங்களுக்கு முன்னாலதானே இருந்தவ. இவ்வளவு காலமும் என்னத்துக்கப்பா ஒளிச்சனீங்கள்?

இக்னேசியஸ்: அடுத்த கிழமை ஏற இருந்தது அவன்தான். என்ர முறை வர இன்னும் ஆறு மாசம் கிடந்தது. அவனை மண்ணுக்குள்ள தாட்டுப்போட்டு வந்த அண்டைக்கே, அவனுக்கெண்டு செய்த கள்ளப் பாஸ்போட்டில ஏஜென்சிக்காரன் என்ர படத்தை ஒட்டினவன். நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை, வேரோனிக்கா.