உரக்க யோசித்த மருமகள்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே! அறிவை அள்ளி வழங்கும் பயிற்சியாளர்களே! பிள்ளைகளின் நேர்காணலை நினைத்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தந்தையரே! நாளை மறுநாள் பெரிய நிறுவனத்தின் நேர்காணலில் அமரப்போகும் என் செல்வங்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

என்னை ஏன் மேடையேற்றினார்கள்? எனக்குக் கணினியும் தெரியாது, அதில் எழுதும் நிரலும் தெரியாது. இந்தப் பயிற்சி நிலையத்தில் பயின்ற ஒரு மென்பொருள் பொறியாளரின் மாமியார் நான். யாரங்கே சிரிப்பது? சிரியுங்கள், சிரியுங்கள்! மாமியாரும் மருமகளைப் புகழ்வாள், இன்று கேட்டுவிட்டுப் போங்கள்.

என் மருமகள் வாயில்லாப் பூச்சி. ஆட்குறைப்பு என்று சொல்லி அவளை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வந்தவள் அழவில்லை, ஆத்திரப்படவில்லை. படித்தாள், படித்தாள், கண் சிவக்கப் படித்தாள். பெரிய நிறுவனம் அழைத்தது. கொடுத்த கணக்குக்குச் சரியான நிரலை எழுதினாள். வேலை இல்லை என்றார்கள்! விடை தவறா? இல்லை. வேகம் குறைவா? இல்லை. எழுதி முடிக்கும்வரை அவள் வாயே திறக்கவில்லை. "நீங்க எப்படி யோசிக்கிறீங்கன்னே எங்களுக்குத் தெரியலையே" என்று சொல்லிவிட்டார்கள். அரைகுறையாய்ப் பேசினால் அசடு என்பார்களோ என்று அஞ்சி அடங்கிக் கிடக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனை பேர்!

அடுத்த ஆண்டு மீண்டும் அழைப்பு வந்தது. "இதுவும் போச்சுன்னா இந்தத் தொழிலையே விட்டுடுவேன் அத்தை" என்றாள். மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பழகு என்று இங்குள்ள பயிற்சியாளர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அது எனக்குத் தெரியுமா? துணி மடிக்கும்போது தனியே பேசுகிறாள்! "இப்படிப் போனா நேரமாகும், வேற வழி பார்ப்போம்" என்கிறாள். நான் ஓடிப்போய், "டேய், உன் பொண்டாட்டி சுவத்தோட பேசுறாடா!" என்றேன். என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். விஷயம் விளங்கியதும் நானே அவள் எதிரில் உட்கார்ந்தேன். ஒரு சொல்லும் புரியாது. அவள் பேச்சு நின்றால் மட்டும், "ம், அப்புறம்?" என்பேன்.

நேர்காணல் எங்கள் வீட்டிலேயே, கணினித் திரை வழியே நடந்தது. கதவுக்கு வெளியே நான். உள்ளே தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த அவள் குரல் சட்டென்று நின்றது. ஐயோ! "அப்புறம்?" என்று கேட்க என் நாக்குத் துடித்தது. கேட்க முடியுமா? இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்போது அவள் சொன்னாள்: "சார், இங்க மாட்டிக்கிட்டேன். ஆனா எங்க மாட்டினேன்னு தெரியுது. பட்டியல்ல ஒரே பேர் ரெண்டு தடவை வந்தா நான் எழுதினது தப்பாயிடும்."

மறுமுனைக் குரல் கேட்டது: "நல்லாப் பிடிச்சீங்க. வாங்க, சேர்ந்தே பார்ப்போம்."

சேர்ந்தே பார்ப்போம்! என் செல்வங்களே, திணறினால் திணறுகிறேன் என்று சொல்லுங்கள்! தவறினால் தவறிவிட்டேன் என்று சொல்லுங்கள்! தடுக்கிய இடத்தைத் தயங்காமல் சொல்பவரோடுதானே பக்கத்து நாற்காலியில் அமர்ந்து வேலை பார்க்க முடியும்? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

வேலை கிடைத்ததா என்கிறார் முன்வரிசை அம்மா. கிடைத்தது தாயே, கிடைத்தது! உத்தரவு வந்த அன்று என் தோளில் சாய்ந்து அழுதாள், நானும் அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்தாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அத்தை, கல்யாணமான நாள்லேருந்து சொல்லணும்னு நினைக்கிறேன். நீங்க எல்லாத்துலயும் உப்பை அள்ளிப் போடுறீங்க" என்றாள்.

என்ன செய்வது? இப்போதெல்லாம் அளந்துதான் போடுகிறேன்! காது கொடுத்த உங்கள் அனைவருக்கும் என் நன்றி. பிள்ளைகளே, போய்ப் பேசிவிட்டு வாருங்கள். வணக்கம்!